தயக்கத்துக்கு உள்ளே என்ன இருக்கு? கொல்லிமலையில் ஒரு குடும்பம்

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். தேவன் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிடுறார்னு உள்ளுக்குள்ள தெரியுது, ஆனா கால் நகர மாட்டேங்குது. அப்போ என்ன பண்றது?

இந்தக் கேள்வியை நீங்க நிறைய பேர் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. ஒருத்தர் மலைக்கிராமப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்க ஆசைப்படுறார், ஆனா ஹோம் லோன் இருக்கு. நர்சிங் முடிச்ச ஒருத்தங்க கார்ப்பரேட் ஆஸ்பத்திரியை விட்டுட்டு ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு மூணு வருஷமா ஜெபம் பண்றாங்க, இன்னும் போகலை. இன்னொருத்தர் வெளியூருக்கெல்லாம் போக வேண்டியதில்லை. பத்து வருஷமா பேசாத அண்ணன்கிட்ட போய்ப் பேசணும், அவ்வளவுதான். அதுவும் முடியலை.

இதுக்கு நாம வழக்கமா கேட்கிற பதில் ரெண்டு. ஒண்ணு, "விசுவாசம் பத்தலை." இன்னொண்ணு, "தேவனுடைய நேரம் வரும், காத்திரு." ரெண்டும் சில சமயம் உண்மையா இருக்கலாம். ஆனா தயக்கத்துக்கு உள்ளே என்ன இருக்குன்னு ரெண்டுமே திறந்து பார்க்கிறதில்லை. நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். எர்ரர் வந்தா முதல்ல லாகைத் திறந்து படிக்கிறது எங்க வேலை. அந்த மாதிரி தயக்கத்தைத் திறந்து படிக்கலாமான்னு பார்ப்போம். அதுக்கு நம்ம ஊர்லயே, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில, ஒரு குடும்பத்தோட கதை இருக்கு.

முதலில், மோசே

கொல்லிமலைக்கு ஏறுறதுக்கு முன்னாடி வேதத்துல ஒரு இடம். யாத்திராகமம் 3, 4 அதிகாரங்கள். எரிகிற முட்செடி முன்னாடி மோசே நிக்கிறார். எகிப்துக்குப் போன்னு கர்த்தர் சொல்றார். மோசே ஐந்து தடவை மறுக்கிறார். நான் யார் போறதுக்கு? உங்க பேர் என்னன்னு கேட்டா என்ன சொல்றது? ஜனங்க என்னை நம்ப மாட்டாங்களே? எனக்குப் பேச வராதே? கடைசியா, வேற யாரையாவது அனுப்புங்க.

இதுல கவனிக்க வேண்டியது, முதல் நாலுக்கும் கர்த்தர் கோபப்படலை. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் சொல்றார். தகுதியைப் பத்திக் கேட்டதுக்கு, கூட இருப்பேன்கிறார். நம்ப மாட்டாங்கன்னதுக்கு அடையாளங்களைக் கொடுக்கிறார். ஐந்தாவதுல எந்தக் காரணமும் இல்லை, வெறும் "வேண்டாம்" மட்டும்தான். அங்கதான் கோபம் வருது. அப்போதும் அனுப்புறதை நிறுத்தலை, கூட ஆரோனைத் தர்றார்.

அதாவது காரணத்தோட வர்ற தயக்கம் வேற, காரணமே இல்லாத மறுப்பு வேற. காரணத்தைச் சொன்னா அதுக்குப் பதில் கிடைக்க வழி இருக்கு. இதை மனசுல வெச்சுக்கிட்டு மலை ஏறுவோம்.

வாழவந்திக்கு வந்தவர்கள்

கொல்லிமலைன்னா நமக்கு ஞாபகம் வர்றது காரவள்ளி வழியா போற 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில். சங்க காலத்துல வல்வில் ஓரி ஆண்ட மலை. தினை, சாமை, கேழ்வரகு, மிளகு, பலா எல்லாம் விளையுற, மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமா வாழ்ற பூமி. யாரோ வந்து "கண்டுபிடிச்ச" இடம் கிடையாது. இதைச் சொல்லிட்டுத்தான் மிஷனரி கதையைச் சொல்லணும்னு எனக்குத் தோணுது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த வளைவு ரோடு கிடையாது. நடந்து ஏறணும், இல்லைன்னா டோலி. சமவெளி ஆட்கள் ஏறவே பயந்தாங்க, காரணம் மலைக்காய்ச்சல். இன்னிக்கு நாம மலேரியான்னு சொல்றது.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். வெப்பமண்டல நோய்களுக்கான ஒரு குறுகிய கால மருத்துவப் பயிற்சி பெற்று 1907-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் ஊழியம். ஆனால் அவர் பார்வை மலை மேலேயே இருந்தது. ஈவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் படித்தவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தியா வந்தார். 1913-ல் இருவருக்கும் சேந்தமங்கலத்தில் திருமணம். அன்றைக்கே மலைப் பயணம், நல்ல மழை. வாழவந்தியில் ஜெஸ்ஸி கட்டி வைத்திருந்த சிறிய மரவீட்டில்தான் அவர்கள் குடித்தனம் தொடங்கியது.

வைத்தியம் பார்த்தாங்க, பள்ளிக்கூடம் நடத்தினாங்க, தச்சு வேலை கத்துக்கொடுத்தாங்க. ஆனா சுவிசேஷத்தைப் பொறுத்தவரை வருஷக்கணக்கா ஒருத்தர்கூட ஏத்துக்கலை. உள்ளூர்ப் பூசாரி எதிர்த்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தன் மக்களோட வழிபாட்டைக் காப்பாத்துறது அவர் பொறுப்பு.

1918-ல் தொடங்கிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் மலைக்கும் வந்தது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்த படுக்கையானார்கள். தொற்றுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கியபோது ஜெஸ்ஸியும் ஈவ்லினும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். எதிர்த்த மனுஷன் தன் பிள்ளையை நம்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

மாட்டேன் என்ற மகன்

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். 1914-ல் பிறந்தவர் அவர்களுடைய மகன் பால் பிராண்ட். மரம் ஏறி, ஓடையில் விளையாடி, தமிழ் பேசி வளர்ந்த பையன். அவனுக்கு இரண்டு ஞாபகங்கள் மட்டும் கடைசி வரை போகவில்லை.

ஒன்று, நரம்புச்சிலந்தி. கினி புழு என்பார்கள். குடிக்கும் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, காலில் புண்ணாகி வெளியே வரும். அப்பா அதை ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுப்பார். சீழ் வழியும். இரண்டாவது, ஒருநாள் வந்த மூன்று தொழுநோயாளிகள். அப்பா கையுறை போட்டு அவர்கள் புண்ணைக் கட்டினார். பிள்ளைகளைக் கிட்டேயே வரவிடவில்லை. மற்ற நோயாளிகளிடம் அப்பா இப்படி நடந்து அவன் பார்த்ததில்லை. எப்போதும் பயப்படாத அப்பா முகத்தில் அன்றைக்கு ஏதோ ஒரு பயத்தைப் பார்த்தான்.

1923-ல் ஒன்பது வயது பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு பால் தன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி வருவது அது. தந்தி வேகமாக வந்துவிட்டது. கடிதம் கப்பலில் வரும். அதனால் அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் அப்பா எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மலையையும் மரங்களையும் பற்றி எழுதிய கடிதங்கள்.

இந்த இடத்தை நான் வேகமா தாண்டிப் போக விரும்பலை. அழைப்புக்குக் கீழ்ப்படிஞ்ச பெற்றோரோட விலையில ஒரு பகுதியைப் பிள்ளைகள் கட்டினாங்க. அந்தக் காலத்து மிஷனரி வழக்கம் அதுதான்னு சொல்லலாம். ஆனா வழக்கம்கிறதால வலி குறையாது. ஊழியக்காரங்க வீட்டுல வளர்ந்தவங்க சிலர் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். "கீழ்ப்படி, எல்லாம் சரியாயிடும்"னு சுலபமா சொல்றவங்க இந்தக் கடிதங்களை நினைச்சுக்கணும்.

சரி. பால் வளர்கிறார். மருத்துவம் படி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் ஒருவர் முன்வருகிறார். பால் மறுக்கிறார். கொத்தனார் வேலை, தச்சு வேலை கற்க அப்ரென்டிஸாகச் சேர்ந்து சில வருஷங்கள் அதிலேயே இருக்கிறார்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. அவர் இந்தியாவுக்குப் போக மறுக்கலை. போகணும்னுதான் ஆசை, கட்டடம் கட்டுற மிஷனரியா. தேவனுக்கு வேலை செய்யவும் மறுக்கலை. அவர் மறுத்தது ரத்தத்தையும் சீழையும் மட்டும்தான். "எனக்கு அழைப்பு இருக்கா இல்லையா"ன்னு மொத்தமா குழம்பாம, எந்த இடத்துல கால் நிக்குதுன்னு தேடினா அது இவ்வளவு சின்னதா இருக்கும்.

அந்தச் சின்ன இடம் எப்படி மாறியது? பெரிய கூட்டத்தில் இல்லை. மலைக்குப் போகிறவருக்கு முதலுதவியாவது தெரிய வேண்டும் என்று, அப்பா படித்த அதே மாதிரியான ஒரு வருஷ மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அதில் ஒரு பகுதியாக லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு இரவு, ரத்தம் ஏராளமாக இழந்த ஒரு இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, உயிர் இருப்பதாகவே தெரியவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். பால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் நிறம் திரும்பியது, மூச்சு வந்தது, கண் திறந்தது, தண்ணீர் கேட்டாள். அதுவரை அவருக்கு ரத்தம் என்றால் அருவருப்பு. அன்றைக்கு ரத்தம் என்றால் உயிர் என்று பார்த்தார். 1937-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

பயம் போன பிறகு போகலாம்னு அவர் காத்திருந்தா அந்த இரவு வந்தே இருக்காது. சின்னதா ஒரு அடி, ஒரு வருஷப் பயிற்சி, அதை வெச்சார். அந்த அடியை வெச்ச இடத்துலதான் பதில் இருந்தது.

வீணாகாத வருஷங்கள்

1946-ல் அடுத்த அழைப்பு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து. கேட்டவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். பால் தயங்க நியாயமான காரணங்கள் இருந்தன. வீட்டில் சின்னப் பிள்ளை, மனைவி மார்கரெட்டுக்கு அடுத்த பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. போர்க்கால விதிகள்படி டாக்டர்கள் நினைத்த இடத்துக்குப் போகவும் முடியாது. காக்ரேன் விடவில்லை, அனுமதியை வாங்கினார். பால் முதலில் வந்தார், குடும்பம் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தது.

வேலூர்னு சொன்னதும் ஐடா ஸ்கடரை நினைக்காம இருக்க முடியாது. மிஷனரி ஆகவே மாட்டேன்னு உறுதியா இருந்த பெண். திண்டிவனத்துல ஒரே ராத்திரி, பிரசவத்துல துடிக்கிற மனைவிக்கு உதவி கேட்டு மூணு பேர் வந்தாங்க. ஆண் டாக்டர் தொடக்கூடாது, இவங்களுக்கு வைத்தியம் தெரியாது. மூணு பெண்களும் இறந்துட்டாங்க. அந்த ராத்திரிதான் அவங்களை டாக்டராக்கிச்சு, 1900-ல் வேலூருக்குக் கொண்டுவந்துச்சு. "மாட்டேன்"னு சொன்ன ஒருத்தர் ஆரம்பிச்ச இடத்துக்கே "மாட்டேன்"னு சொன்ன இன்னொருத்தர் வந்து சேர்ந்தார்.

1947-ல் காக்ரேன் பாலைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தோலைப் பற்றி காக்ரேன் விளக்கிக்கொண்டே போகிறார். பால் கண்ணெல்லாம் மடங்கிப்போன கைகள் மேல். ஒரு இளைஞனிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி அவ்வளவு பலமாக இருந்தது. மடங்கிப் பயனற்றுப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் நல்ல தசைகள் இன்னும் வேலை செய்கின்றன என்று அந்த வலியில் புரிந்தது. அப்படியென்றால் நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு இணைக்க முடியுமே? 1948-ல் வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் ஆரம்பமாயின.

இன்ஜினியர்களுக்குப் பிடிக்கிற பகுதி இது. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அப்போது நம்பினார்கள். பாலும் குழுவும் ஒவ்வொரு காயமும் எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். நோய் நரம்பைப் பாதிக்கிறது, வலி தெரியாமல் போகிறது, சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கை பின்வாங்குவதில்லை. சில விரல்கள் ராத்திரியில் எப்படிக் குறைகின்றன என்று பார்த்தால், தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. வலி இல்லாததால் எழுந்திருக்கவில்லை. தீர்வு? வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்.

குணமானவர்களுக்குத் தொழில் வேண்டுமே? தச்சுப் பட்டறை அமைத்தார்கள். வலி தெரியாத கைக்கு ஏற்ற மாதிரி கருவிகளின் பிடியை மாற்றினார்கள். அந்த ஐடியா எங்கிருந்து வந்தது? மருத்துவத்தை விட்டு ஓடின வருஷங்களில் உளியும் சுத்தியலும் பிடித்த அதே கையிலிருந்து. "நான் லேட் பண்ணிட்டேன், அந்த வருஷமெல்லாம் போச்சு"ன்னு நினைக்கிறவங்க இதைக் கேட்டுக்கோங்க.

அம்மாவின் பிடிவாதம்

இனி ஈவ்லின். கணவர் போன பிறகு இங்கிலாந்துக்கு வந்தவரைப் பார்த்து, இவ்வளவு வயதாகிவிட்டதா என்று மகனே அதிர்ந்தான். ஆனாலும் அவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். 1947-ல் அவருக்கு 68 வயது. மிஷன் சங்கம் ஓய்வு பெறச் சொன்னது. ஒரே ஒரு வருஷம் கேட்டு வாங்கினார். அது முடிந்ததும், சங்கத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்றார். கொல்லிமலையைத் தாண்டி கல்வராயன், பச்சைமலை என்று சுற்றியுள்ள மலைகளுக்கும் போக வேண்டும் என்பது அவரும் ஜெஸ்ஸியும் சேர்ந்து கண்ட கனவு.

75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகன் பால் போய், போதும் அம்மா, கீழே வந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். நீயும் இந்த மலைகளை அறிந்தவன்தானே, நான் வந்துவிட்டால் இவர்களுக்கு யார் என்பதுதான் அம்மாவின் பதில். இரண்டு மூங்கில் கோலை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத இடத்துக்கு மட்டக்குதிரையில் போனார். கண்ணாடியே வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி சவப்பெட்டி இல்லாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். ஜனங்கள் அவரைப் பாட்டி என்றே கூப்பிட்டார்கள்.

மகன் சொன்னதும் அன்புதான், சங்கம் சொன்னதும் அக்கறைதான். நம்மைத் தடுக்கிறவங்க எல்லாரும் சாத்தானோட ஆட்கள் கிடையாது. ஈவ்லின் யாரையும் சபிக்கலை. அவங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டு, தன் செலவுல, தன் பொறுப்புல போனாங்க.

அப்போ நாம என்ன பண்றது?

மூணு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

முதல்ல, தயக்கத்துக்குப் பேர் வைங்க. "எனக்குப் பயமா இருக்கு"ன்னு எழுதினா பத்தாது. எதுக்குப் பயம்? சம்பளமா, அப்பா அம்மா முகமா, தோத்துப்போயிடுவோம்கிறதா, அந்த ஜனங்க மேலேயே நமக்கு இருக்கிற அருவருப்பா? யோனா நினிவேக்குப் போகாததுக்குக் காரணம் அந்த ஊர் மன்னிக்கப்படுறதை அவர் விரும்பலை. காசு கொடுத்து டிக்கெட் எடுத்து எதிர்த் திசையில போனார். சில சமயம் நம்ம தயக்கம் பயமே இல்லை, கோபம். பேர் வெச்சாதான் அது தெரியும்.

ரெண்டாவது, எல்லாத் தயக்கமும் கீழ்ப்படியாமை இல்லை. வேலையை விடு, இத்தனை ரூபாய் காணிக்கை கொடு, இல்லைன்னா சாபம் வரும்னு ஒருத்தர் மேடையில இருந்து மிரட்டினா, அங்க நீங்க தயங்குறது புத்தி. வயசான பெற்றோரை யார் பார்த்துக்கிறதுன்னு கேட்கிறதும் பொறுப்பு. சின்ன வயசுல உங்களை ஊழியத்துக்குன்னு வீட்டுல நேர்ந்துவிட்டிருக்கலாம். அது அவங்க ஜெபம். உங்க பதிலை நீங்கதான் சொல்லணும். உண்மையான அழைப்பு கேள்வி கேட்டா உடையாது. மோசே நாலு கேள்வி கேட்டார், அழைப்பு அப்படியே நின்னது.

மூணாவது, அடுத்த அடியை மட்டும் வைங்க. பாலுக்கு அது ஒரு வருஷப் பயிற்சி. உங்களுக்கு அது ரெண்டு நாள் லீவ் போட்டு அந்த மிஷன் ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்க்கிறதா இருக்கலாம். சனிக்கிழமை ஒரு டியூஷன் கிளாஸா இருக்கலாம். அண்ணனுக்கு ஒரு போன் காலா இருக்கலாம். ரிசிக்னேஷன் மெயில் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. உங்க சபையில நம்பகமான ஒருத்தர்கிட்ட தேதியோட சொல்லி வைங்க. தேதி இல்லாத தீர்மானம் எங்க ஆபீஸ்ல பேக்லாக்ல போய் உட்காரும், அதை யாரும் திறந்தே பார்க்க மாட்டாங்க.

நரம்புச்சிலந்தி இன்னிக்கு இந்தியாவுல இல்லை. அரசாங்கத் திட்டம், சுகாதாரப் பணியாளர்கள், கிணத்தைச் சரிபண்ணின கிராமத்து ஜனங்க எல்லாருமா சேர்ந்து ஒழிச்சாங்க. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்த நீளமான வேலையில ஜெஸ்ஸியும் ஈவ்லினும் ரொம்ப ஆரம்பத்துலயே குச்சியைக் கையில எடுத்தவங்க. முடிவை அவங்க பார்க்கலை. தங்களுக்குக் கிடைச்ச பங்கைச் செஞ்சாங்க.

இந்த வாரம் உங்க தயக்கத்துக்கு ஒரு பேர் வைங்க, முடிஞ்சா எங்களுக்கு எழுதுங்க. பேர் சொல்லாம அனுப்பினாலும் பரவாயில்லை, படிச்சு ஜெபிப்போம். அடுத்த எபிசோடுல சந்திப்போம். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.